பங்குனி வானம்

"தாயே, பங்குனி பிறந்தாலே என் மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்றார் சுயம்பு.

ஆவுடையம்மாள் சுளகில் வேப்பம்பூவைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மலைமேல் இருந்த அந்தச் சிறு மடத்தின் குரு அவள்தான். சுயம்பு அவளுடைய சீடர். ஆனால் வயதில் மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர். அதனால் அவள் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவாள்.

"எங்கே போகுது?"

"தேரிக்கு. நான் பிறந்த செம்மண் காடு. அங்கேயிருந்து கடற்கரைக்கு. உப்பளத்துல வேலை பார்த்தேன் இல்லையா, அந்தக் காலத்துக்கு. சுத்திச் சுத்தி மறுபடியும் தேரிக்கே வந்து நிக்குது."

"அப்போ உடம்பும் ஒரு தடவை போயிட்டு வரட்டும்."

சுயம்பு நிமிர்ந்து பார்த்தார்.

"சித்திரைக்கு முன்னாலே சனங்க வந்து கேப்பாங்க. மலையை நான் பார்த்துக்கிடுதேன். கரையையும் தேரியையும் நீங்க பாத்துட்டு வாங்க. இந்த இளவேனில் எப்படி இருக்கும்னு வந்து சொல்லுங்க."

வானத்தைப் பார்த்து இளவேனில் எப்படி இருக்கும் என்று சொல்வது அந்த மடத்தின் பழைய வழக்கம். மழை உண்டு என்றால் உப்பளத்துக்காரர்கள் உப்பை முன்கூட்டியே வாரிக் குவித்து மூடிவைப்பார்கள். காற்று உண்டு என்றால் தேரியில் பனையேறுகிறவர்கள் கவனமாக இருப்பார்கள். மலைக்காரர்கள் தேனெடுக்க நாள் பார்ப்பார்கள்.

சுயம்பு அன்றைக்கே இறங்கினார்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. கால் விரல் இடுக்குகளில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. அதை அவர் கழுவவில்லை.

"கரை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

"அதை ஏன் கேக்கீங்க தாயே! பங்குனியிலே கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி கிடக்கும். விடிஞ்சு பாத்தா பாத்தியெல்லாம் உப்பு பூத்திருக்கும். வரப்புல வரிசையா உக்காந்து கஞ்சி குடிப்போம். அப்போ கடல்லேயிருந்து ஒரு கொண்டல் காத்து வரும் பாருங்க. வேர்வை இருந்த இடம் தெரியாது."

"இது எப்போ?"

"நான் அங்கே வேலை பார்த்தப்போ."

"இப்போ?"

சுயம்பு யோசித்தார்.

"இப்பவும் அப்படித்தான் இருக்கும்."

"நீங்க பாக்கலையா?"

"பழைய கூட்டாளி ஒருத்தன் கிடைச்சான். பேசிக்கிட்டே இருந்துட்டோம். பொழுது போனதே தெரியலை."

ஆவுடையம்மாள் சுளகிலிருந்து ஒரு வேப்பங்குச்சியைப் பொறுக்கி எறிந்தாள்.

"தேரி?"

சுயம்புவின் குரல் இறங்கியது.

"என் அக்கா முத்துக்கிளி அங்கேதான் இருக்கா. ஒத்தையிலே. அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளத்தவ. எத்தனையோ வருஷம் கழிச்சுப் போறேன், அதே வீடு, அதே முற்றம். பங்குனியிலே முதல் மழை விழுந்ததும் நாங்க ரெண்டு பேரும் ஓடிப்போய்ச் சுடுமணல்ல மல்லாந்து கிடப்போம். வாயைத் திறந்துக்கிட்டு. மழை வாய்க்குள்ள விழும், மணல் முதுகைச் சுடும். அதையெல்லாம் சொல்லச் சொல்ல அவ கேட்டுக்கிட்டே இருந்தா."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. நான்தான் பேசினேன். பிடிச்ச கையை மட்டும் விடவே இல்லை."

"ஒண்ணும் கேக்கவும் இல்லையா?"

"வானத்தைப் பத்திக் கேட்டா. 'ஏலே சுயம்பு, மேகம் எந்தப் பக்கம்லே நிக்குது?'ன்னா."

"நீங்க?"

"அப்பா இருந்தப்போ மேற்கே மலைக்கு மேலே கூடிக் கறுத்துக்கிட்டு வருமே, ஞாபகம் இருக்கான்னு ஆரம்பிச்சேன். சிரிச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் அதையே கேட்டா."

ஆவுடையம்மாள் சுளகைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் எங்கே உக்காந்திருந்தீங்க?"

"முற்றத்துலதான்."

"மேலே கூரை உண்டா?"

"முற்றத்துல ஏது தாயே கூரை? அண்ணாந்தா வானம்."

சொன்ன வாய் அப்படியே நின்றது.

மடத்துக்குப் பின்னால் ஒரு குயில் கூவிவிட்டு ஓய்ந்தது.

"பதநீர் ஊத்தும்போது செம்புக்குள்ள விரலை விட்டுக்கிட்டே ஊத்தினா" என்றார் சுயம்பு, மெல்ல.

ஆவுடையம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுவரைத் தடவிக்கிட்டே வாசல் வரைக்கும் வந்தா. வயசாயிட்டுன்னு நினைச்சேன்."

"ம்."

"கிளம்பும்போது என் முகம் பூரா தடவினா. நெத்தி, மூக்கு, தாடையெல்லாம். பாசம்னு நினைச்சேன் தாயே."

"பாசமும்தான்."

சுயம்பு தரையில் கையை ஊன்றினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கேட்டாளே அண்ணாச்சி. ரெண்டு தடவை."

சுயம்பு எழுந்தார். உள்ளே போய் மாற்று வேட்டியை எடுத்துச் சுருட்டிக்கொண்டார். அவருடைய பாயும் சுவரோரம் இருந்தது. ஒரு கணம் தயங்கி, அதையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஆவுடையம்மாள் ஒரு துணியில் வேப்பம்பூவை முடிந்து அவர் கையில் வைத்தாள். போகட்டுமா என்று அவர் கேட்கவில்லை. எப்போது வருவீர்கள் என்று அவளும் கேட்கவில்லை.

மலைப்படியில் பாதி இறங்கியிருப்பார். தேரிக்காரர்கள் நாலைந்து பேர் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள்.

"சாமி, இந்த இளவேனில் நம்ம தேரியிலே எப்படி இருக்கும்?"

சுயம்பு நிற்கவில்லை.

"தெரியலைய்யா" என்றார். "பாக்கத்தான் போறேன்."