பில் போடும் பெட்டியில் மாட்டுங்க

தணிகாசலத்தின் வாய்க்குச் சென்னை ரிச்சி தெருவே பயப்படும். அவருடைய கம்ப்யூட்டர் கடைக்கு அன்று முதல் போணியாக வந்தவள், கல்யாண வீடியோ எடிட் செய்யும் புளோரா. தன் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்து வேகத்தை ஏற்றப்போகிறாள். அதைத் தாங்கும் மதர்போர்டு வேண்டும்.

அவர் கலர் கலராக விளக்கு மின்னும் ஒன்றை எடுத்து வைத்தார்.

"கரண்ட் ஏறுற இடத்துல சூட்டைத் தணிக்க ஒரு தகடுகூட இல்லையே அண்ணே?"

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த ஆராய்ச்சி? எவ்வளவு வேகம் ஏத்துனாலும் தாங்கும். தாங்காதுன்னு இங்கேயே நிரூபி, கடையிலேயே ஒசத்தியான போர்டைச் சும்மா தர்றேன்!"

கடைப் பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

புளோரா கல்லாப் பக்கம் கை நீட்டினாள். "அப்போ இதை உங்க பில் போடுற கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. வேகத்தை நான் ஏத்துறேன்."

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய்ந்து போய் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ! எரிஞ்சு போச்சுன்னா? என் கடையே இதுக்குள்ளதான் இருக்கு!"

சிரித்த பையன்கள் அவர் பக்கம் திரும்பினார்கள். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

"அந்த ஒசத்தியான போர்டை எடுங்கண்ணே," என்றாள் புளோரா. "என் பெட்டிக்குள்ள ஊரார் வீட்டுக் கல்யாணமெல்லாம் இருக்கு."