எறும்புத்தின்னியின் மூங்கில் கரை

சீன தேசத்து மலைக்காடு ஒன்றில், ஆற்றங்கரையில் வளை தோண்டி ஓர் எறும்புத்தின்னி வாழ்ந்தது. ஆற்றின் இந்தப் பக்கத்தில் அந்தக் கரையை விட்டால் சுற்றிலும் பாறைதான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆறு கரையை அரித்துத் தின்றது. இரண்டு வளைகள் ஏற்கெனவே தண்ணீரோடு போய்விட்டன. மூன்றாவது வளைக்கும் ஆற்றுக்கும் நடுவே பத்தடி மண்தான் மிச்சம்.

"இதுவும் போனால் குட்டிகளை எங்கே வளர்ப்பேன்?" என்று எறும்புத்தின்னி கலங்கியது.

மலை உச்சியில் மோசோ என்னும் பெருமூங்கில் வளர்ந்திருந்தது. அதன் வேர்க்கிழங்கு மண்ணுக்குள் கொடிபோல ஓடிப் பின்னிக்கொள்ளும். பிடித்த மண்ணை விடாது. எறும்புத்தின்னி உச்சிக்கு ஏறி, மொட்டு உள்ள இளங்கிழங்காகப் பார்த்துத் தோண்டி எடுத்து வந்தது. ஈரம் காயுமுன் கரையோரத்தில் ஒரு சாண் ஆழத்தில் படுக்க வைத்து, மண் தள்ளி, மேலே சருகைப் பரப்பியது.

மரத்திலிருந்த ஒரு குரங்கு சிரித்தது. "என்ன அக்கா, குச்சிக்குப் போர்வை போர்த்தித் தூங்க வைக்கிறாயா?"

"ஆமாம் தம்பி, நன்றாகத் தூங்கினால்தானே எழுந்திருக்கும்!"

வசந்தத்தில் விரல் பருமனில் நாலு குருத்துகள் தலை நீட்டின. அன்றே ஒரு காட்டுப்பன்றி வந்து மூன்றைக் கடித்துத் தின்றுவிட்டது.

எறும்புத்தின்னி யோசித்தது. சண்டை போட்டால் பன்றி முட்டித் தள்ளிவிடும், கெஞ்சினால் சிரிக்கும். அதனால் எறும்புத்தின்னி பன்றிக்காக வருந்துவதுபோலப் பெருமூச்சு விட்டது.

"ஐயோ பன்றியாரே! நூறு குருத்தைக் கெடுத்துக்கொண்டீர்களே!"

பன்றி மெல்லுவதை நிறுத்தியது. "நூறா? நான் தின்றது மூன்றுதானே?"

"ஒவ்வொரு வசந்தத்திலும் முதலில் வருபவைதான் தாய் மூங்கில்கள். அவை இலை விட்டு வேருக்கு ஊட்டினால்தான் வருஷா வருஷம் குருத்து பெருகும். பருமனும் ஏறும். ஐந்தாம் ஆண்டு உங்கள் கழுத்துப் பருமனில் குருத்து வரும். சரி, மிச்சமிருக்கிற ஒன்றையும் தின்றுவிடுங்கள்."

"பொறு, பொறு! முந்தி வருவது எத்தனை, பிந்தி வருவது எத்தனை?"

"முந்தி வருவது பத்து என்றால், பிந்தி வருவது நூறு."

"அப்படியானால் அந்தப் பத்து உனக்கு, பின்னால் வரும் நூறும் எனக்கு! பேச்சு மாறக் கூடாது!"

"எனக்கு வெறும் பத்துதானா?" என்று எறும்புத்தின்னி முகத்தைத் தொங்கப் போட்டது. பிந்தி வரும் குருத்துகளில் பெரும்பாலானவை எப்படியும் மூங்கிலாக வளராமல் வாடிவிடும், பன்றி தின்றாலும் கரைக்கு இழப்பில்லை என்பது அதற்குத் தெரியும். "சரி, குருத்தை மட்டும் கடியுங்கள். கிழங்கைக் கிளறினால் நூறு ஐம்பதாகிவிடும்."

அடுத்த வசந்தத்தில் முந்தி வந்த ஒரு குருத்தை ஒடிக்கக் குரங்கு கை நீட்டியது. புதருக்குள்ளிருந்து பன்றி பாய்ந்து வந்தது.

"கையை எடுடா! என் நூறு குருத்துக்கும் இதுதான் தாய்!"

குரங்கு மரத்தில் ஏறிக்கொண்டது. பன்றி அன்றுமுதல் அங்கேயே படுத்துக் கிடந்தது. அதன் சாணமும் கரைக்கு நல்ல எருவானது.

ஐந்தாம் ஆண்டு மழை கொட்டியது. மலையிலிருந்து ஆறு முழங்கிக்கொண்டு இறங்கியது. எதிர்க்கரை சரிந்தது, மரங்கள் மிதந்து போயின. எறும்புத்தின்னி அந்த ஆண்டுக் குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு வளை வாசலில் நின்றது. வெள்ளம் மூங்கில் கரையில் மோதியது. மீண்டும் மோதியது. ஒரு பிடி மண்கூட அசையவில்லை!

மாலையில் வெள்ளம் தோற்று வடிந்தது. வானம் முட்ட நின்ற மூங்கில்கள் ஈரம் சொட்ட மின்னின.

பன்றி மார்பை நிமிர்த்தியது. "பார்த்தாயா என் தோப்பை! ஆற்றையே திருப்பி அனுப்பிவிட்டேன்!"

"உங்களைப் போல யாரால் முடியும், பன்றியாரே!" என்றது எறும்புத்தின்னி. பிறகு பத்தடி மண்ணும் அப்படியே இருந்த தன் வளைக்குள் குட்டியோடு நுழைந்தது.

நீதி: பேராசைக்காரனுக்கு அவன் பங்கைச் சரியான இடத்தில் காட்டிவிட்டால், அழிக்க வந்தவனே காவலாளி ஆவான்.