பெட்டி நிறையப் பட்டாடை

முன்னொரு காலத்தில் மருதங்கரை நாட்டை அதிவீர பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். புதுசாக ஏதாவது காதில் விழாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அது தெரிந்த ஆலோசகர் மருதாசலம், அயல்நாடு போய்வந்த கையோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மதிலைத் தாண்டி யோசிக்கணும், மகாராஜா" என்றார். ராஜா சொக்கிப்போய் ஒரு பட்டாடை போர்த்தினார்.

அப்புறம் கேட்பானேன்? எதைக் கேட்டாலும் மதில்தான். சொல்லச் சொல்லப் பட்டாடை. வீட்டிலும் மனுஷர் இதையே ஒத்திகை பார்த்தார்.

அந்த வருஷம் ஏரியின் மதகுப் பலகை சேற்றில் இறுகிவிட்டது. ஏரி நிறையத் தண்ணீர் இருக்க, கீழே கதிர் விட்ட பயிர் காய்ந்தது.

"வடம் கட்டி இழுக்கலாம், மகாராஜா" என்றார் மந்திரி கனகசபை.

மந்திரியைக் கண்டாலே மருதாசலத்துக்கு ஆகாது. "அரதப் பழசு! மதிலைத் தாண்டி யோசிக்கணும்" என்றார். ராஜா அதற்கே தலையாட்டினார்.

மறுநாள் மந்திரி சபையில் ஒரு திரையைக் கட்டினார். "உள்ளே ஒரு மகான் வந்திருக்கிறார். மகாராஜாவே கேட்கலாம்."

"சுவாமி, மதகுக்கு என்ன வழி?"

உள்ளே ஒரு கனைப்பு. "மதிலைத் தாண்டி யோசிக்கணும், மகாராஜா."

கொஞ்சம் கீச்சுக்குரல்தான். மகான்கள் அப்படித்தான் பேசுவார்கள்போல என்று சபை நினைத்துக்கொண்டது. மருதாசலத்துக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ராஜா பூரிக்கும்போது பின்தங்க முடியுமா? "அடடா, இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

ராஜா பட்டாடையோடு போய்த் திரையை விலக்கினார். கூண்டுக்குள் ஒரு கிளி!

"இதை யார் பழக்கியது?"

"யாரும் பழக்கவில்லை, மகாராஜா. ஆலோசகர் வீட்டுக் கூடத்தில் தொங்கிய கிளி. 'வீட்டுக்கு ஒரு வாய் போதும், கொண்டுபோங்கள்' என்று அவர் சம்சாரம்தான் கொடுத்தனுப்பினார்."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. கையிலிருந்த பட்டாடையைப் பார்த்தபடி, "ஊர்ப் பயிர் காய்கிறது, நான் கிளிக்குப் போர்த்த வந்தேனே" என்றார். அதைக் கேட்ட மருதாசலத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

"மந்திரி, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"நல்ல வடம் வேண்டும், மகாராஜா. அரண்மனை வடமெல்லாம் இற்றுக் கிடக்கிறது."

மருதாசலம் எழுந்து வீட்டுக்குப் போனார். பட்டாடைப் பெட்டியைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு ஏரிக்கு வந்தார். அத்தனையையும் முறுக்கி வடமாக்கி, கழுத்தளவு தண்ணீரில் தானே இறங்கிப் பலகையில் கட்டினார். ராஜாவும் மந்திரியும் ஊரோடு நின்று இழுத்தார்கள். பலகை அசைந்தது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது, பயிர் பிழைத்தது.

சேறும் சகதியுமாக வீடு திரும்பியவரைப் பார்த்ததும், மந்திரி திருப்பி அனுப்பியிருந்த கிளி கூடத்திலிருந்து தொண்டையைக் கனைத்தது. மருதாசலம் அவசரமாக ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து அதன் அலகுக்குள் திணித்தார்.