ஏழாம் பக்கத்து ஓட்டை

"நாளைக்கு என்னால துறவற வார்த்தைப்பாடு கொடுக்க முடியாது, சிஸ்டர்," என்றாள் ஜெனோவா.

சிஸ்டர் அமலி மடத்தில் மெய்யியல் சொல்லிக்கொடுப்பவர். ஜெனோவாவைவிட ஒரு வயது இளையவர். தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"அதைப் பார்க்க அம்மா தூத்துக்குடியில பஸ் ஏறிட்டாங்க. நாலு மணிக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள சொல்லுங்க. நான் இருக்கவா, போகவா?"

பதினோரு தாள்களை நீட்டினாள். கடவுள் இருக்கிறார் என்பதை அறிவால் நிரூபிக்க முடியாது என்று, மூன்று நாள் சோறு இறங்காமல் எழுதியது.

"பேசாம நம்பும்மான்னு மட்டும் சொல்லிடாதீங்க. மதர் சொல்லிட்டாங்க, பங்குச் சாமியாரும் சொல்லிட்டார். மூளையைச் செருப்பு மாதிரி வாசல்ல கழட்டிட்டுத்தான் வரணும்னா எனக்கு இந்த வீடே வேண்டாம்."

சிஸ்டர் படித்தார். ஏழாம் பக்கத்தில் நின்றார்.

"இங்க ஓட்டை இருக்கு."

ஜெனோவாவுக்கு மூச்சு வந்தது. வாதம் கவிழ்ந்தால் இருந்துவிடலாம்.

"எல்லாத்துக்கும் காரணம் வேணும்னா கடவுளுக்கும் வேணுமேன்னு கேட்டிருக்கீங்க. கடவுளை நிரூபிக்க வர்ற எதிராளி அப்படிச் சொல்லலையே. தொடங்கினதுக்கெல்லாம் காரணம் உண்டுன்னுதான் சொல்றார். சுலபமா தப்பிச்சிடுவார்."

"அப்ப நான் சொன்னது தப்பா?"

"பலவீனம்."

சிவப்புப் பேனாவால் இரண்டு வரியை அடித்துவிட்டு மேலே கிறுக்கினார்: உலகத்துக்குத் தொடக்கம் உண்டென்று எந்த அறிவைக் கொண்டு சொல்வது?

"இப்ப அவரால தப்பிக்க முடியாது."

ஜெனோவா தாள்களைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"சிஸ்டர், நீங்க யார் பக்கம்?"

மதியச் செபத்துக்கு மணி அடித்தது. சிஸ்டர் எழுந்து நடந்தார். ஜெனோவா பின்னாலேயே ஓடினாள்.

கோவில் வாசலில் மன்றாட்டுப் பெட்டி. ஊர்ச் சனங்கள் பிள்ளை வரம், விசா, பரீட்சை என்று எழுதிப் போடுவது.

"போடுங்க," என்றார் சிஸ்டர்.

"இது மன்றாட்டு இல்லையே."

"எனக்கு இதுக்குப் பதில் தெரியாது. மதருக்கும் தெரியாது. வேற யார்கிட்ட கேட்கப்போறீங்க?"

"பதில் வரலேன்னா?"

"வருதான்னு பார்க்காமலே பஸ் ஏறிடுவீங்களா?"

சிஸ்டர் உள்ளே போய் முழங்காலிட்டார்.

பெட்டியின் வாய் சிறியது. பதினோரு தாளும் சேர்ந்து நுழையவில்லை. ஜெனோவா ஒவ்வொன்றாகப் போட்டாள்.

ஏழாவதில் கை நின்றது. சிஸ்டரின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது.

படியில் உட்கார்ந்தாள். தாளை முழங்காலில் விரித்து, அந்த வரியை நிறுத்தி நிதானமாகத் திரும்ப எழுதினாள்.

படிக்கிறவருக்குப் புரிய வேண்டுமே.