பஞ்சாரத்துக் கோழியும் ராஜா பாத்த தீயும்

ஒரே ஒரு ஊர்ல ஒரு கோழி இருந்துச்சாம். ம் சொல்லு தங்கம், அப்பத்தான் கோழி நடக்கும்.

அந்தக் கோழிக்காரி பேரு சடைச்சி. அவளுக்கு ஆடு இல்ல, மாடு இல்ல, அந்த ஒரு கோழிதான். அப்போ அந்த நாட்டு ராணிக்குப் பொண்ணு பொறந்துச்சு. டம டம டமன்னு தண்டோராக்காரன் வந்தான். "வர்ற பௌர்ணமிக்கு இளவரசிக்குப் பேரு வைக்கிறாங்க! பொழுது சாஞ்சதும் ஊருக்கு ஊரு சொக்கப்பனை கொளுத்தணும்! ராஜா மாடியில நின்னு பாப்பாரு. தீ தெரியிற ஊருக்கெல்லாம் அண்டா அண்டாவா பாயசம்!"

நாட்டாமை வெள்ளையப்பனுக்குப் பாயசம்னா உசுரு. "எரிக்கிறதுக்கு வீட்டுக்கு ஒரு சாமான் குடுங்கப்பா"ன்னாரு. ஊர் மந்தைவெளியில பனைமரத்தை நட்டு, சுத்தி ஓலையைக் கட்டினாங்க. அப்புறம் ஒருத்தர் ஒடிஞ்ச கட்டில், ஒருத்தர் உளுத்துப்போன ஏணி. சடைச்சிகிட்ட ஒண்ணுமில்ல, கோழி கவுக்கிற பஞ்சாரக் கூடையையே குடுத்துட்டா. நாட்டாமை என்ன குடுத்தாரு தெரியுமா? தேஞ்சுபோன விளக்கமாறு! மந்தைக்குப் பக்கத்துலயே அவரு வைக்கோல்போர் மலையாட்டம் நிக்குது, அதுல ஒரு பிடி குடுக்கல.

அப்புறம் பௌர்ணமி வந்துச்சு. பாயசத்துக்கு எடம் விட்டு நாட்டாமை காலையிலேர்ந்து பட்டினி. பொழுது சாஞ்சதும் பந்தத்தைத் தூக்கிட்டு வந்தாரு. அப்போ ஓலைக்குள்ளேர்ந்து, "கெக்... கெக்... கெக்..."

"ஐயா, வெக்காதீங்க!"ன்னு சடைச்சி ஓடியாந்தா. "எங் கோழி! காணோம்னு இத்தனை நாளா தேடுறேன், இங்கயாடி இருக்க?" பஞ்சாரத்தைத் தேடிப் போன கோழி, அதுக்குள்ளயே முட்டையிட்டு அடையில உக்காந்திருக்கு! பஞ்சாரமோ அடியில, மேல கட்டிலும் ஏணியும், பிரிச்சு எடுக்க நேரமில்ல.

"ஒரு கோழிக்காக ஊரு பாயசத்தை விடுறதா?"ன்னாரு நாட்டாமை.

"ராணிக்குப் புள்ள பொறந்ததுக்கு, அடைகாக்குற தாயையா கொளுத்துவீங்க?"ன்னா சடைச்சி.

அப்புறம் ஊர்க்காரங்க கம்புத் தானியத்தைத் தூவி "பா... பா... பா..."ன்னு கூப்பிட்டாங்க. கோழி தலையை மட்டும் நீட்டி, டொக் டொக்னு தின்னுட்டு, சரக்குனு உள்ள போயிடுச்சு. அப்புறம் மேளம் அடிச்சாங்க, டண்டணக்கா டண்டணக்கா! கோழி அசையல. தொட்டில் புள்ளைங்கதான் வீல்வீல்னு எழுந்துச்சு. அப்போ நாட்டாமை, "தள்ளுங்கடா!"ன்னு, ஒரு கையில பந்தம், இன்னொரு கையை உள்ள விட்டாரு...

ம்?

ணங்குனு ஒரு கொத்து! "ஐயோ அம்மா!"ன்னு குதிச்சாரு. பந்தம் பறந்துச்சு. எங்க விழுந்துச்சு? அவரு வைக்கோல்போர் மேலயே! குபு குபு குபுன்னு வானம் வரைக்கும் தீ!

"அடேயப்பா! எந்த ஊருடா அது?"ன்னு மாடியில ராஜா துள்ளினாராம். உடனே பாயச அண்டா வந்துச்சு. "இளவரசிக்காக வைக்கோல்போரையே குடுத்த மகராசன் யாரு?"ன்னான் கொண்டாந்த சேவகன்.

நாட்டாமை கொத்துப்பட்ட விரலை வாயிலேர்ந்து எடுத்து, "நான்தாங்க. நமக்கு எப்பவும் தாராளக் கை"ன்னாரு. சடைச்சி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

"அப்போ அவரு மாட்டுக்குத் தீனி ஏதும்மா?"

நல்லா கேட்ட! மறுநாளு ஊர்க்காரங்க வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் கொண்டாந்து போட்டாங்க. சடைச்சிகிட்ட வைக்கோல் ஏது? முட்டை பொரிஞ்சதும் ஒரு குஞ்சைக் கொண்டுபோய் நீட்டினா. நாட்டாமை அதை வாங்கிக்கிட்டாரு, விரலை மட்டும் நல்லா மடக்கிக்கிட்டு!

போரு எரிஞ்சுது, குஞ்சு பொரிஞ்சுது, என் தங்கத்துக்குக் கண்ணு சொருகுது. தூங்கு.