ஒரு பாலாடைத் தண்ணீர்

குற்றாலத்து மலையடியில் எங்கள் மடம். பெயருக்குத்தான் மடம். மொத்தம் ஆறு பேர், ஒரு அடுப்படி, அவ்வளவுதான். மடத்தை நடத்திய பெரிய சாமி காலமான பிறகு, யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அடுப்படிக்குத்தான் வருவார்கள். அங்கே ஆவுடையம்மாள் சமைத்துக்கொண்டிருப்பாள். வயது நாற்பதுகூட இருக்காது. எழுபது வயசுக்காரரும் அவளை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள். கையில் எதையாவது எடுத்துக் கொடுப்பாள்.

அந்த ஆனி மாதம் கோவில்பட்டியிலிருந்து சங்கரலிங்கம் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியார். மனைவி சண்முகவடிவு இறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வந்த அன்றே எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

“எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன்.”

கையில் ஒரு தொட்டி மட்டும் இருந்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செடி. கொழுத்த இலைகள், ரோஜா இதழ் மாதிரி அடுக்கடுக்காக.

“எல்லாத்தையும் விட்டாச்சு, இது என்னய்யா?” என்று நான்தான் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

“அவ வளர்த்தது. இதுக்கு இருபது நாளைக்கு ஒரு தடவை பாலாடையில தண்ணி ஊத்துவா. குழந்தைக்குப் பால் புகட்டுற சங்கு இருக்குல்ல, அதுலதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற அன்னைக்கும் ஊத்திட்டுத்தான் வந்தா. கட்டில்ல படுத்துக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? ‘நீங்க பாட்டுக்குத் தண்ணிகிண்ணி ஊத்திராதீங்க. பாசத்துலயே கொன்னுருவீங்க.’”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணும் கலங்கியது.

பத்து நாள் கழித்து அடுப்படிக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க ஐயா.”

“செடி அழுகுது. அடி இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டா கையோட வருது. ஒரு சொட்டுத் தண்ணி நான் ஊத்தலை. அவ மேல சத்தியமா ஊத்தலை. சதைப்பற்றுத் தாவரம் வேர் வழியாத்தான் நீரை உறிஞ்சும். ஊத்தாத தண்ணில எப்படி அழுகும்?”

வாத்தியார் இல்லையா, சந்தேகத்தைக்கூடப் பாடமாகத்தான் கேட்பார்.

ஆவுடையம்மாள் அப்போதுதான் அப்பளம் பொரித்து முடித்திருந்தாள். ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இதைச் செடி பக்கத்துல வச்சுட்டு வாங்க. எப்பவும் போல ஜன்னலையும் கதவையும் சாத்திருங்க.”

“அப்பளத்தையா?”

“ஆமா. திங்காம வச்சுட்டு வாங்க.”

இன்னொரு அப்பளத்தை அடுப்பு மேட்டில் வைத்தாள். பந்தி முடிந்தது, பாத்திரம் கழுவி முடிந்தது. அதற்கப்புறம்தான் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பு மேட்டு அப்பளத்தோடு, வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குக் கிளம்பினாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். பொய் சொல்வானேன்.

கதவைத் திறந்ததும் ஈரவாடை முகத்தில் அடித்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க முத்து முத்தாக நீர். ஒவ்வொரு முத்தும் கனத்து, வழிந்து, கீழே இருந்த தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வாத்தியார் அப்பளத்தை எடுத்தார். அது துணி மாதிரி மடங்கியது.

ஆவுடையம்மாள் தன் கையில் இருந்ததை நொறுக்கினாள். சடசடவென்று உடைந்தது.

“ஐயா, இந்த அப்பளத்துல யாரு தண்ணி ஊத்தினது?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அறையின் குறுக்கே ஒரு கயிறு. அதில் ஒரு பச்சைச் சுங்கடிச் சேலை, ஈரம் சொட்டாத குறையாகத் தொங்கியது.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவளோடது,” என்றார். “இதைப் போர்த்திக்கிட்டாத்தான் தூக்கம் வருது. வெளியில காயப் போட்டா நாலு பேரு பார்ப்பாங்க. எல்லாத்தையும் விட்டுட்டேன்னு சொன்னவனாச்சே. சாரல் காலம், உள்ள போட்டாக் காய மாட்டேங்குது. காயலைன்னா வாடை வருது. வாடை போகணும்னு மறுபடி அலசுறேன்.”

“தினமுமா?”

“தினமும்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவள் எட்டிச் சேலையை எடுத்தாள். ஜன்னலை விரியத் திறந்தாள். தொட்டியைச் சாரல் படாத, காற்று வருகிற தாழ்வாரத்துக்கு மாற்றினாள். அப்போது ஆடியதில் மேல் இலை ஒன்று பொட்டென்று கழன்று விழுந்தது. அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சேலையை அடுப்படிக்குக் கொண்டுபோய், அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கொடியில், எங்கள் வேட்டி துண்டுகளோடு விரித்துப் போட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் விடியும்போது சேலை மொறமொறவென்று காய்ந்திருந்தது.

ஆனால் செடி பிழைக்கவில்லை. அழுகல் தண்டுக்கு ஏறிவிட்டிருந்தது. ஆறாம் நாள் அந்த இலை ரோஜா மொத்தமும் தலை சாய்ந்து, கறுத்து, மண்ணோடு உட்கார்ந்துவிட்டது.

வாத்தியார் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை.

“தண்ணி ஊத்திக் கொன்னுருவேன்னு பயந்தா. ஊத்தாமலே கொன்னுட்டேன் அம்மா. முப்பத்து நாலு வருஷம் செடியைப் பத்திப் பாடம் நடத்தினவன். ஊருக்கு உபதேசம். அவ விட்டுட்டுப் போன ஒரே உசுரு.”

ஆவுடையம்மாள் ஆறுதல் சொல்லவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. என்ன பொம்பளை இவள், ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? அவரிடம் ஒரு முறம் நிறையப் பயறைக் கொடுத்து, “கல்லு பொறுக்கிக் குடுங்க ஐயா,” என்றாள்.

அவரும் பொறுக்கினார். அன்றைக்கு மட்டுமல்ல, மூன்று வாரம் தினமும் வந்து எதையாவது பொறுக்கினார், நறுக்கினார். பேச்சு குறைந்துபோனது.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் பையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“போயிட்டு வரேன் அம்மா. வெறும் தொட்டியை வச்சுக்கிட்டு இங்க இருக்க முடியலை. அவளோடதுன்னு உசுரோட இனி எதுவும் இல்லை.”

“சரி ஐயா. போறதுக்கு முன்னாடி அந்த மேல் பலகையில இருந்து அப்பளக்கட்டை எடுத்துக் குடுங்க. எனக்கு எட்டலை.”

எட்டாமல் என்ன? தினமும் அவள்தான் எடுக்கிறாள்.

வாத்தியார் கையை உயர்த்தினார். அப்படியே நின்றுவிட்டார்.

அப்பளக்கட்டுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே, வெறும் பலகையில், அன்றைக்கு விழுந்த அந்த ஒற்றை இலை கிடந்தது. மண் இல்லை. நுனி சுருங்கியிருந்தது. முறிந்த இடத்திலிருந்து இளஞ்சிவப்பாக நாலைந்து வேர்கள், தையல் நூலைவிட மெல்லிசாக, காற்றைத் துழாவிக்கொண்டு வந்திருந்தன. வேர்களுக்கு மேலே மிளகளவில் ஒரு ரோஜா. அத்தனை சின்னதிலும் அதே அடுக்கு, அதே இதழ்.

முப்பது வருஷமாக இந்த அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பலகையில் இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

வாத்தியார் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார்.

“இலையிலிருந்து இனப்பெருக்கம்,” என்றார். “அஞ்சு மார்க் கேள்வி. வருஷா வருஷம் போர்டுல படம் போட்டிருக்கேன். கண்ணால பார்த்ததே இல்லை, அம்மா. பார்த்ததே இல்லை.”

இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாத்தியாருக்கே உரிய சந்தேகம் வந்தது.

“தினமும் தண்ணி தெளிச்சீங்களா?”

“அப்பளம் இருக்கிற பலகை ஐயா. அந்தப் பக்கம் ஈரக் கையோடகூடப் போக மாட்டேன்.”

“மண்ணு இல்லை. அடுப்புச் சூட்டுல காத்துலயும் ஈரம் இல்லை. நானும் ஒரு சொட்டு ஊத்தினதில்லை. அப்ப இது எந்தத் தண்ணியைக் குடிச்சு முளைச்சுது?”

ஆவுடையம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற அன்னைக்கு அவங்க பாலாடையில ஊத்தினாங்களே ஐயா, அது இன்னும் தீரலை.”