பெயரை மறைத்த அட்டை

"நான் மறுபடியும் கவுனை மாட்டிக்கிட்டு கோர்ட்டுக்கே போயிடறேன் மேடம். இந்த வேலை எனக்கு ஒத்து வரல."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தவசிமுத்து இதைச் சொல்லிவிட்டார்.

மெஹருன்னிசா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "உக்காந்து சொல்லுங்க சார்," என்றார்.

பாரிமுனையில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. மெஹருன்னிசா பத்து வருடம் உயர் நீதிமன்றத்தில் வழக்காடியவர். எந்தப் பெரிய சட்ட நிறுவனத்துக்குள் போனாலும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்களே எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஆகவில்லை. ஒருநாள் கவுனைக் கழற்றி வைத்துவிட்டு, நிறுவனங்களுக்கு வக்கீல்களைத் தேடிக் கொடுக்கும் வேலையில் இறங்கினார்.

அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் ஆட்கள் வந்தார்கள். பாடம் என்று எதுவும் நடக்காது. கேள்வியோடு போனவர்கள் பெரும்பாலும் தலையைச் சொறிந்துகொண்டு படியிறங்குவார்கள்.

தவசிமுத்து அவரைவிட எட்டு வயது மூத்தவர். உப்பளத்தில் வேலை பார்த்தவரின் மகன். பதினெட்டு வருடம் கோர்ட்டில் கழித்துவிட்டு, தன்னைப் போல வருகிறவர்களுக்காவது கதவு திறக்கட்டும் என்று இந்தப் பக்கம் வந்தவர். ஐம்பதை நெருங்குகிற மனுஷன் ஒரு நாற்பது வயதுப் பெண்ணிடம் சிஷ்யனாகச் சேர்ந்திருக்கிறான் என்று கோர்ட்டில் வக்கீல்கள் கூடும் பார் ரூமில் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரெண்டு வருஷத்துல நாப்பத்தாறு பேரை அனுப்பியிருக்கேன் மேடம். நீங்க சொன்ன மாதிரி பாதிக்குப் பாதி. பாதிப் பேர் வக்கீல் வீட்டுப் பிள்ளைங்க, டவுன் பிள்ளைங்க. மீதிப் பேர் குடும்பத்துலயே முதமுதலா கறுப்புக் கோட்டு போட்டவங்க."

"சரி."

"வேலை கிடைக்கறதெல்லாம் முதல் பாதிக்குத்தான். ரெண்டாவது பாதியில மூணே மூணு பேர். அவங்களையும் மூலையில உக்கார வெச்சு ஃபைல் அடுக்க விட்டிருக்காங்க. மனசு பூரா ஓரவஞ்சனை மேடம், அந்த நிறுவனக்காரங்களுக்கு."

"இருக்கலாம்."

"இருக்கலாமா? இருக்கு." தவசிமுத்து நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "இன்னிக்கு நாலு மணிக்குள்ள முப்பிடாதிங்கற பொண்ணுக்காக ஒரு நிறுவனத்துக்குக் குறிப்பு அனுப்பணும். சங்கரன்கோவில் பக்கம். அஞ்சு இடத்துல வேண்டாம்னுட்டாங்க. இதுவும் போச்சுன்னா ஊர்லயே இருந்துக்கறேன் சார்னு சொல்லிருச்சு. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

சுவர்க் கடிகாரம் இரண்டேகாலைக் காட்டியது.

"குறிப்பெல்லாம் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆளை அனுப்பும்போது, பயோடேட்டாவுக்கு மேலே, அனுப்புகிறவர் ஏழெட்டு வரியில் ஒரு குறிப்பு எழுதி வைப்பார். மேலே பெயர், ஊர், படித்த இடம். கீழே, ஆள் எப்படி என்று. நிறுவனத்தின் பெரிய தலைகள் முதலில் அதைத்தான் படிக்கும். நேரமில்லை என்றால் அதோடு சரி.

தவசிமுத்துவுக்குத் தன் குறிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் கர்வமே உண்டு. நாற்பத்தாறையும் கோப்பில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

மெஹருன்னிசா அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, பழைய கேஸ் கட்டின் அட்டை ஒன்றை உருவினார். தூசியைத் தட்டி அவரிடம் நீட்டினார்.

"பேர், ஊர், காலேஜ் இருக்கிற இடத்தை நீங்களே மூடிக்குங்க. கீழ இருக்கறதை மட்டும் எனக்குக் காட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

"காட்டுங்க சார்."

தவசிமுத்து முதல் தாளை மூடிக் காட்டினார். மெஹருன்னிசா மூன்று வரி படித்தார். தாளை வாங்கி இடப்பக்கம் வைத்தார்.

அடுத்தது. வலப்பக்கம்.

அடுத்தது. வலப்பக்கம்.

அடுத்தது. இடப்பக்கம்.

பத்தாவது தாள் வரை தவசிமுத்துவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பதினோராவது தாளில் அவர் கை நின்றுவிட்டது. பிறகு மெதுவாக நகர்ந்தது.

இருபதாவது தாளில் மேல் உதட்டில் வியர்த்திருந்தது. மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

இடப்பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் குடும்பத்தில் முதல் வக்கீல். வலப்பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள். மெஹருன்னிசா இவர்களில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

"மேடம், நிறுத்துங்க. அப்பா என்ன பண்றார், வீடு எப்படி, எதையும் நான் கீழே எழுதறதில்லை. அந்த அளவு விவரம் எனக்கும் உண்டு."

"ஆமா, எழுதல. அடுத்தது காட்டுங்க."

முப்பத்தெட்டாவது தாளை அவர் இடப்பக்கம் வைத்தபோது தவசிமுத்து பாய்ந்து அதை எடுத்தார். முகத்தில் உயிர் வந்துவிட்டது.

"தப்பு மேடம். இவன் கிரிதரன். இவங்க அப்பா ரிட்டயர்டு ஜட்ஜ்."

"அப்படியா?" மெஹருன்னிசா தாளை மறுபடி பார்த்தார். "எழுதும்போது உங்களுக்கு அது தெரியுமா?"

தவசிமுத்து தாளைத் தன் பக்கம் திருப்பினார்.

தெரியாது. கிரிதரன் வந்த அன்று நல்ல மழை. பஸ்ஸில் நனைந்து, வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். பாவம், எந்த ஊர்ப் பிள்ளையோ என்று நினைத்துத் துண்டு கொடுத்தார். அன்றைக்கே குறிப்பும் எழுதினார். அப்பா யார் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவனுக்கும் வேலை கிடைக்கவில்லை. ஜட்ஜ் பையனுக்கே கிடைக்கவில்லையே என்று அப்போது ஆச்சரியப்பட்டது நினைவுக்கு வந்தது.

அவர் தாளைத் திரும்ப இடப்பக்கமே வைத்தார்.

மீதி எட்டும் பிரிந்து முடிந்தன. எங்கும் தப்பில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் தவசிமுத்து.

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? நீங்க சொல்லியிருக்கீங்க."

மெஹருன்னிசா வலப்பக்கத்திலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். "சட்ட நுணுக்கத்தைச் சட்டென்று பிடித்துவிடுவார். எதிர்த்தரப்பு யோசிக்காத இடத்திலிருந்து வாதத்தைத் தொடங்குவார்."

இடப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தார். "கடின உழைப்பாளி. பணிவானவர். எந்த வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் செய்வார். வாய்ப்புக் கொடுத்தால் காலத்துக்கும் விசுவாசமாக இருப்பார்."

இன்னொன்று. "கடின உழைப்பாளி. பணிவானவர்."

இன்னொன்று.

"போதும் மேடம்." தவசிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுல என்ன தப்பு? வலது பக்கம் இருக்கறதை ஏனோதானோன்னு எழுதினேன். இடது பக்கம் இருக்கற ஒவ்வொண்ணையும் கண்ணு கலங்க எழுதினேன்."

"தெரியுது."

"பிறகென்ன?"

"உங்க வீட்டு ஆள் ஒருத்தரைப் பொய்க் கேஸ்ல உள்ள தள்ளிட்டாங்கன்னு வைங்க. நாளைக்கு விசாரணை. இந்த ரெண்டு கட்டுல எதுலேர்ந்து வக்கீல் எடுப்பீங்க?"

தவசிமுத்துவின் கை வலப்பக்கம் போய்விட்டது. விரல்கள் தாளைத் தொட்டபிறகுதான் அவரே பார்த்தார். சுடுபாத்திரத்தைத் தொட்டதுபோல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"நான் அவங்கள்ல ஒருத்தன் மேடம்," என்றார் தவசிமுத்து. அழுதுவிடுவார் போலிருந்தது. "அவங்களைக் குறைச்சு எழுத எனக்கு மனசு வருமா? இந்த வார்த்தைகளாலதான் நானே வளர்ந்தேன். என் சீனியர் எனக்கு எழுதிக் கொடுத்த லெட்டரை இன்னிக்கும் கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டியிருக்கேன். மனப்பாடமா சொல்லுவேன்."

"சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தார்.

"திரு. தவசிமுத்து என்னிடம் பதினோரு ஆண்டுகள் ஜூனியராக இருந்தார். கடின உழைப்பாளி. பணிவானவர். எந்த வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்..."

அதற்கு மேல் வரவில்லை.

பதினோரு வருடம். எத்தனை ராத்திரி விழித்து அவர் கண்டுபிடித்த பாயிண்ட்களைச் சீனியர் எழுந்து நின்று பேசியிருப்பார். பக்கத்தில் கேஸ் கட்டைப் பிடித்துக்கொண்டு, என் பாயிண்டை ஐயாவே பேசுகிறாரே என்று இவர் பூரித்துப் போயிருக்கிறார். பிறகு வேறு சீனியர்களிடம் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார். கடிதத்தைப் படித்த எல்லோருமே மரியாதையாகப் பேசினார்கள், காபி கொடுத்தார்கள். ஒருவர்கூட ஒரு பெரிய வழக்கைத் தூக்கி அவர் கையில் கொடுக்கவில்லை.

சீனியர் கெட்டவர் இல்லை. அந்தக் கடிதத்தை எழுதும்போது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. தவசிமுத்து நேரில் பார்த்தார்.

அதை நினைத்ததும் அவர் இடப்பக்கக் கட்டைப் பார்த்தார்.

மெஹருன்னிசா மேசைமேல் இருந்த போனை அவர் பக்கம் நகர்த்தினார். மணி மூன்றேகால்.

"முப்பிடாதிக்குக் குறிப்பு எழுதிட்டீங்களா?"

எழுதியிருந்தார். சட்டைப் பையில் இருந்தது. அதில் என்ன இருக்கும் என்று எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

பேனாவை எடுத்தார். வெள்ளைத் தாளைப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். எழுத ஒரு வரி இல்லை.

போனை எடுத்தார்.

"முப்பிடாதி, நான் தவசிமுத்து பேசறேன்மா."

"சொல்லுங்க சார். அவங்களும் வேண்டாம்னுட்டாங்களா?" குரலில் வருத்தம்கூட இல்லை. பழகிவிட்டது.

"இல்லம்மா. ஒண்ணு கேக்கணும். நீ நடத்தின கேஸ்ல உனக்கே பிடிச்சது எது?"

லைன் போய்விட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"ஒரு வீட்டுக் கேஸ் சார்," என்றது குரல். "ஒரு அம்மா வீட்டை அவங்க புருஷன் எண்பத்தேழுலயே தனக்கு எழுதிக் கொடுத்துட்டாருன்னு கொழுந்தன் ஒரு பத்திரம் கொண்டுவந்தாரு. கையெழுத்து சரியா இருக்கு. முத்திரைத்தாளும் பழசு. எங்க சீனியரு, சமாதானமாப் போயிருங்கன்னுட்டாரு. நான் அந்தப் பத்திரத்தை நாலு நாளு வச்சுப் பாத்தேன்."

"ம்."

"நாலெல்லைன்னு எழுதுவாங்கள்லா சார், அதுல கிழக்கே பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டின்னு இருந்துச்சு. குறுக்கு விசாரணைக்கு நானே எந்திரிச்சேன். ஒரே கேள்விதான். அந்தத் தொட்டில நீங்க மொதமொதலா எப்பத் தண்ணி பிடிச்சீங்கன்னு கேட்டேன். கொழுந்தன் சந்தோஷமாச் சொன்னாரு. திறப்பு விழா அன்னைக்குத்தான் எம்மவ பிறந்தா, தொண்ணூத்தி நாலுன்னு."

தவசிமுத்து எழுந்து நின்றுவிட்டார். எதற்கு நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"தொண்ணூத்தி நாலுல கட்டின தொட்டி..."

"எண்பத்தேழு பத்திரத்துல எப்படி சார் வரும்? நான் வேற ஒண்ணுமே கேக்கல. உக்காந்துட்டேன்."

பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை. அவர் சீனியரும் கேட்டதில்லை.

"ஏம்மா இதை பயோடேட்டால போடல?"

"வக்காலத்துல சீனியர் பேருதான சார் இருக்கு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அன்னிக்கு ஒரு மணி நேரம் பேசினோம்."

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது.

"அப்பா என்ன பண்ணுதாருன்னு கேட்டீங்க சார். அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டீங்க. ஊருக்கு பஸ் வருதா, ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படின்னு கேட்டீங்க. நல்லாத்தான் கேட்டீங்க. இதைக் கேக்கல."

போனை வைத்தபின் தவசிமுத்து வெகுநேரம் எழுதவில்லை. எழுத ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. பத்திரம், தொட்டி, ஒரு கேள்வி. வேறு எதுவும் எழுதவில்லை.

மேலே பெயரையும் ஊரையும் எழுதினார். அட்டையை எடுத்து அதை மூடி மெஹருன்னிசாவிடம் நீட்டினார்.

"எந்தப் பக்கம் மேடம்?"

அவர் ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். தாளைப் பிடித்த கை இரண்டு கட்டுக்கும் நடுவில் நின்றது. கடிகாரம் நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது.

"தெரியல சார்," என்றார்.

தவசிமுத்து அதை அனுப்பினார்.

பிறகு இடப்பக்கக் கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, முதல் தாளில் இருந்தவரின் நம்பரைப் போட்டார்.